பால் மரத்துப் புரோட்டான் பம்பை ஆன்டிபாடியால் பிடிப்பது எப்படி

போன வருடம் மூன்று வாரம் எனக்குப் பட்டையே வரவில்லை. எங்கள் ஊரில் பட்டை என்றால் மரத்தில் கத்தி வைக்கிற பட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்வது வெஸ்டர்ன் பிளாட் தாளில் தெரிய வேண்டிய பட்டை. புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை அது. ஆன்டிபாடி என்பது தேடும் புரதத்தில் போய் ஒட்டும் இன்னொரு புரதம். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டது என்று ஆய்வகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கெட்டுப்போனது ஆன்டிபாடி அல்ல. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இந்த வேலையை முதல் முறை செய்யப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்தவள். அம்மா 22 வருடம் பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். இப்போது ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் செம்பனைதான். ஆனாலும் குனோங் ஜெராய் அடிவாரப் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் சிலர் இன்னும் ரப்பர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பால் தருபவரும் அப்படிப்பட்ட ஓர் அண்ணன்தான். நான் ஆய்வக உதவியாளர். எங்கள் வேலை ரப்பர் பாலில் இருக்கும் ஒரு புரோட்டான் பம்பைக் கண்டுபிடித்து அளப்பது.

ரப்பர் பாலில் எதற்குப் பம்ப்? பால் என்பது வெறும் ரப்பர் தண்ணீர் இல்லை. பால் குழாய்ச் செல்களின் உள்ளே இருக்கும் உயிர்ச்சாறுதான் வெட்டும்போது வடிகிறது. அதில் ரப்பர் துகள்கள் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கூடவே லூட்டாய்டு என்ற சின்னச் சின்னப் பைகளும் மிதக்கும், ஒவ்வொன்றும் சில மைக்ரோமீட்டர் அளவு. பையின் உள்ளே புளிப்பு, பிஎச் 5.5 பக்கம். வெளியே சாறு 7ஐ ஒட்டி. இந்த வித்தியாசம் தானாக நிற்காது. பையின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் வி-ஏடிபேஸ் என்ற பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்துப் புரோட்டான்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சாறு காரப் பக்கம் சாய்ந்தால் சர்க்கரையை உடைக்கும் இன்வெர்ட்டேஸ் நொதி சுறுசுறுப்பாகும், ரப்பர் உற்பத்திக்கு அது நல்லது. மரத்துக்கு எத்திஃபான் மருந்து தடவினால் பால் கூடுகிறதே, அப்போது இந்தப் பம்பின் வேலையும் கூடுகிறது. அம்மா காலத்தில் மருந்து தடவியவர்களுக்கு இந்தப் பம்ப் தெரியாது. பால் கூடுவது மட்டும் நன்றாகத் தெரியும்.

சரி, முதலில் எந்த ஆன்டிபாடி? வி-ஏடிபேஸ் ஒற்றைப் புரதம் இல்லை, பல புரதங்கள் கூடிய ஒரு பெரிய இயந்திரம். இரண்டு பாதி. சவ்வுக்குள் புதைந்த பாதி வி0. அதன் மேல் காளான் தலை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு ஏடிபியை உடைக்கும் பாதி வி1. வி1இல் ஏ முதல் எச் வரை எட்டு வகை அலகுகள். ஏ அலகு ஏறத்தாழ 70 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அளவு), பி அலகு 56 பக்கம். நாங்கள் வாங்கியது ஈ அலகுக்கு எதிரான ஆன்டிபாடி, முயலில் செய்தது. ஈ அலகு கணக்குப்படி 26 கிலோடால்டன்தான், ஆனால் ஜெல்லில் 31க்குப் பக்கத்தில் ஓடும். 26ஐ எதிர்பார்த்து 31இல் வந்ததும் தவறான பட்டை என்று நினைத்துத் தாளைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வகை ஆன்டிபாடிகள் பலவும், ஆய்வுக்கென்று வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் புரதத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் செய்தவை. நம் மரத்தின் புரதத்தில் அதே துண்டு இருந்தால்தான் ஒட்டும். வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ஆர்ஆர்ஐஎம் 600 ரக ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதியை 2013இல் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் புரதத்தின் அமினோ அமில வரிசை கையில் இருக்கிறது. அரை மணி நேர வேலை. துண்டின் வரிசையை முழுதாகத் தராத விற்பனையாளரிடம், ரப்பர் மரத்து வரிசையை அனுப்பி எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டால் பதில் சொல்வார்கள்.

ஆன்டிபாடி பெரும்பாலும் உலர்ந்த பொடியாகத்தான் வரும். எங்கள் பொட்டலம் வழியில் எங்கோ நான்கு நாள் வெயிலில் கிடந்து வந்து சேர்ந்தது. நான் பதறினேன், ஆனால் உலர்பொடி அதைத் தாங்கும். நீரில் கரைத்த பிறகுதான் அது செல்லப்பிள்ளை. மூடியைத் திறப்பதற்கு முன் குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கும் தெரியாது, திறந்ததும் காசு பறந்துவிடும். கிருமி நீக்கிய தண்ணீர் 50 மைக்ரோலிட்டர் விட்டு, கலக்காமல் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாகத் தட்டிக் கரையுங்கள். அப்புறம் 5 மைக்ரோலிட்டராகப் பத்துக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஏன் 5? ஒரு சின்னத் தாளுக்கு 10 மில்லிலிட்டர் கரைசல் போதும், 2,000 மடங்கு நீர்த்தால் அதற்குச் சரியாக 5 மைக்ரோலிட்டர். ஒரு குழாய், ஒரு பிளாட். மறுபடி உறைய வைக்கும் பேச்சே இல்லை. இன்னொன்று, தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃபிரிட்ஜ் வேண்டாம், அது தினமும் கொஞ்சம் உருக்கி உறைய வைக்கும். எங்கள் ஊரில் நாலு மணி இடிமழைக்கு மின்சாரம் போவது சாதாரணம். அதனால் குழாய்களை உறைந்த ஜெல் பொதிகளுக்கு நடுவில் செருகி வைத்திருக்கிறேன்.

இனிப் பால். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்லப்போவது இதைத்தான், ஏனென்றால் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

காலை ஆறரைக்குள் தோட்டத்தில் இருங்கள். முதல் நாள் இரவு மழை பெய்து மரம் ஈரமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், மரப்பட்டையில் வழிகிற தண்ணீர் பால் பிடிக்கும் மங்கில் இறங்கினால் லூட்டாய்டு வெடித்துவிடும். வெட்டிய கோட்டில் பழைய ஒட்டுப்பாலை முழுக்க உரித்த பிறகு கத்தி போடச் சொல்லுங்கள். முதலில் வடியும் சில சொட்டுகளைக் கீழே விடுங்கள், அதில் பட்டைத் தூளும் அழுக்கும் இருக்கும். அப்புறம் மங்கில் விடாமல், பனிக்கட்டியில் புதைத்த 50 மில்லிலிட்டர் குழாயை நேராக வடிகாலின் கீழ் பிடியுங்கள். பால் கெட்டியாகாமல் இருக்கத் தோட்டத்தில் அமோனியா ஊற்றுவார்கள். நமக்கு அது கூடவே கூடாது. எங்களுக்குப் பால் தரும் அண்ணன் முதல் நாள் நல்ல மனதோடு ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வந்துவிட்டேன், என்ன செய்வது.

பனியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். உறைந்தாலும் பை உடையும். உடைந்தால் உள்ளேயிருந்து ஹெவின் என்ற சின்னப் புரதம் வெளியே வரும், 43 அமினோ அமிலம், ஐந்து கிலோடால்டனுக்கும் குறைவு. ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் வேலை அதனுடையது. மரத்தில் வெட்டுக்காயம் அடைபட்டுப் பால் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் குழாயிலும் அதையேதான் செய்யும், பால் தயிர் மாதிரி திரிந்துவிடும். அப்படித் திரிந்த குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கட்டிப்பாலும்மா, கிலோவுக்கு எவ்வளவு தர்றாங்க இப்ப?" என்றார்.

ஆய்வகத்தில் 4 டிகிரியில், 40,000 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல 40,000 மடங்கில், ஒரு மணி நேரம் சுற்றுகிறோம். வெளியே எடுத்ததும் பாருங்கள், அழகாக இருக்கும். மேலே வெள்ளை வெளேரென்று ரப்பர் ஏடு, பிளாஸ்டிக் மூடி மாதிரி கெட்டியாக. நடுவில் தெளிந்த சாறு, அதுதான் சி-சீரம். அடியில் இளமஞ்சளாகக் களிபோல லூட்டாய்டு. ரப்பர் ஏட்டை ஸ்பாட்டுலாவால் விளிம்பைச் சுற்றிக் கிளப்பி ஒரே துண்டாக எடுக்க வேண்டும். குழாய்ச் சுவரில் கொஞ்சம் ரப்பர் ஒட்டியிருக்கும். அதை ஈரத் துடைப்புத் தாளால் துடைத்தே ஆக வேண்டும். துடைக்காமல் விட்டால் பின்னால் பிப்பெட் முனையிலிருந்து நூலாக இழுபடும், ஜெல் குழியில் ஒரு முனையும் பிப்பெட்டில் மறு முனையுமாகத் தொங்கும். அதைப் பிடுங்கும்போது பக்கத்துக் குழியின் மாதிரியும் கூடவே வரும்.

அடிக்களியை 0.4 மோலார் மன்னிட்டால், 50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.4 கரைசலில் இரண்டு முறை கழுவுங்கள். மன்னிட்டால் எதற்கு என்றால், உள்ளும் வெளியும் செறிவு ஒத்திருந்தால்தான் பை வெடிக்காது. கறுக்காமல் காக்கும் டிடிடி என்ற மருந்தை 5 மில்லிமோலார் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது, காற்று பட்டால் வெட்டிய வாழைக்காய் மாதிரி கறுக்கும். புரதத்தை அறுக்கும் நொதிகளைத் தடுக்கப் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார், அதுவும் ஊற்றுகிற அந்த நிமிடத்தில். தண்ணீரில் அது நெடுநேரம் உயிரோடு இருக்காது, காலையில் கலந்து மதியம் பயன்படுத்தினால் சும்மா தண்ணீர்தான்.

கழுவிய பிறகுதான் பையை உடைக்க வேண்டும். மன்னிட்டால் இல்லாத நீர்த்த கரைசலில் விட்டு, மெல்லக் கலக்கி, 100,000 ஜியில் ஒரு மணி நேரம் சுற்றினால் சவ்வுகள் அடியில் உட்காரும். ஹெவின் மேல்நீரோடு போய்விடும். இந்தப் படியைச் சோம்பேறித்தனத்தால் தாண்டிவிட்டு, முழு லூட்டாய்டையும் அப்படியே ஜெல்லில் ஏற்றுகிறவர்கள் உண்டு. அங்கேதான் கணக்கு ஏமாற்றும். லூட்டாய்டின் உள்ளிருக்கும் கரையும் புரதத்தில் பாதிக்கும் மேல் ஹெவின்தான். மொத்தப் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில் அளந்து 20 மைக்ரோகிராம் ஏற்றினேன் என்று நோட்டில் எழுதுவீர்கள். அதில் பெரும்பங்கு ஹெவினும் அதன் கூட்டாளிகளும். சவ்வுப் பம்ப் துளியூண்டுதான் இருக்கும், பட்டை மங்கலாக வரும். திட்டு வாங்குவது ஆன்டிபாடி.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. நைட்ரைல் போடுங்கள். லேடெக்ஸ் கையுறையில் இதே மரத்தின் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ரப்பர் மரத்துப் புரதத்தைத் தேடும்போது கையிலேயே ரப்பர் மரத்தை மாட்டிக்கொண்டு போவானேன்.

மற்றது எல்லோரும் செய்கிற வெஸ்டர்ன் பிளாட்தான், 1979இல் டோபின் குழுவினர் எழுதிய முறையிலிருந்து பெரிய மாற்றமில்லை. 12 விழுக்காடு ஜெல், குழிக்கு 10 மைக்ரோகிராம் சவ்வுப் புரதம். புரதத்தைப் பிரித்து விரிக்கும் எஸ்டிஎஸ் கரைசலில் 65 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குங்கள், கொதிக்க வைக்க வேண்டாம். ஈ அலகு கொதிநிலையையும் தாங்கும். ஆனால் அதே மாதிரியில் பின்னால் வி0இன் ஏ அல்லது சி அலகை (சிற்றெழுத்து a, c, வி1இன் ஏ, சி வேறு) தேட நினைத்தால், அவை சவ்வுக்குள் இருப்பவை, 95 டிகிரியில் ஒன்றோடொன்று பிணைந்து ஜெல்லின் வாசலிலேயே நின்றுவிடும். பிவிடிஎஃப் தாளை மெத்தனாலில் நனைத்துவிட்டு, 100 வோல்ட்டில் ஒரு மணி நேரம் புரதத்தை ஜெல்லிலிருந்து தாளுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் பொன்சோ சிவப்பு என்ற புரதச் சாயத்தில் நனைத்துப் பாருங்கள். எல்லாக் குழிகளிலும் புரதம் ஏறியதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாதவர்களிடம் நான் பேசுவதில்லை.

தாளின் வெற்றிடங்களில் ஆன்டிபாடி ஒட்டாமல் தடுக்க 5 விழுக்காடு கொழுப்பு நீக்கிய பால் பொடி, 0.1 விழுக்காடு ட்வீன் என்ற சோப்பு கலந்த டிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம். தே தாரேக்குக்குப் போடுகிற பால் இல்லை, கொழுப்பு நீக்கியதாக இருக்க வேண்டும். அப்புறம் ஆன்டிபாடி 2,000 மடங்கு நீர்த்து, இரவு முழுக்க 4 டிகிரியில் ஆட்டி வையுங்கள். காலையில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை கழுவி, முதல் ஆன்டிபாடியில் போய் ஒட்டும், முயலுக்கு எதிரான ஆட்டு ஆன்டிபாடி, ஒளி வரவைக்கும் நொதியான எச்ஆர்பி பூட்டியது, 10,000 மடங்கில் ஒரு மணி நேரம். இந்தக் கரைசலில் சோடியம் அசைடு துளியும் இருக்கக்கூடாது. கிருமி வராமல் இருக்க முதல் ஆன்டிபாடியில் அசைடு போடுவது வழக்கம். எச்ஆர்பியை அது கொன்றுவிடும்.

படம் எடுக்கும்போது முதலில் 10 நொடி, பிறகு ஒரு நிமிடம். பட்டையின் நடுவே வெள்ளையாக ஓட்டை விழுந்து ஓரம் மட்டும் கறுப்பாக இருந்தால் புரதம் இல்லை என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறி இருக்கிறது, ஒளி தரும் மருந்தை எச்ஆர்பி தின்று தீர்த்துவிட்டது. ஆன்டிபாடியைக் குறையுங்கள்.

எதை எதோடு ஏற்றுவது என்பதும் முக்கியம். எங்கள் வரிசை இது: ரப்பர் ஏடு, சி-சீரம், உடைத்த பையின் மேல்நீர், சவ்வு, கடைசியாகச் சாவி கீரையின் சவ்வு. அராபிடாப்சிஸ் கடுகுக் குடும்பம், சாவி கீரையும் கடுகுக் குடும்பம். சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் பத்துப் பிளாட்டுக்கு வரும். கீரையில் பட்டை வந்து மரத்தில் வராவிட்டால் ஆன்டிபாடி நன்றாக இருக்கிறது, கோளாறு மரத்து மாதிரியில். இரண்டிலும் வராவிட்டால் அப்போது ஆன்டிபாடியைச் சந்தேகப்படலாம். ஒரு தாளை முதல் ஆன்டிபாடி இல்லாமல், ஆட்டு ஆன்டிபாடி மட்டும் போட்டுப் பாருங்கள். அதிலும் 31இல் பட்டை வந்தால் அது பம்ப் இல்லை.

இப்போது அந்த மூன்று வாரக் கதை. பம்பின் வேகத்தை அளக்க, சவ்வில் மக்னீசியமும் ஏடிபியும் கலந்திருந்தேன். அளந்தது போக மீதி இருந்ததை வீணாக்க மனமில்லாமல் பனியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை சுற்றி, அடியில் வந்த சவ்வை எடுத்து ஜெல்லில் ஏற்றினேன். கீரையில் பட்டை பளிச்சென்று இருக்கிறது. மரத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடி செய்தேன், மறுபடி அதே மீதியிலிருந்து. செல்லின் நீர்ப்பை (லூட்டாய்டும் அந்த வகைதான்) சவ்வில் எப்போதும் இருக்கும் இன்னொரு பம்ப் வி-பிபேஸ், அதற்கான ஆன்டிபாடியைப் போட்டால் 75 கிலோடால்டன் பக்கத்தில் நல்ல பட்டை. சவ்வு இருக்கிறது, பம்ப் மட்டும் இல்லை.

எங்கள் ஆய்வகத்து மூத்த அக்கா ஒருவர் கேட்டார், "மேல்நீரை என்ன பண்ணினே?" ஒரு குழாய் எடுத்து வைத்திருந்தேன், கடவுள் புண்ணியம். ஏற்றினோம். 31இல் கருகருவென்று பட்டை. வி-ஏடிபேஸுக்குக் குளிர் ஆகாது. மக்னீசியமும் ஏடிபியும் இருக்கும்போது பனியில் வைத்தால் வி1 தலை வி0இலிருந்து கழன்று மேல்நீரில் மிதக்கும். ஈ அலகு வி1இல் இருப்பது, அதுவும் கூடவே போய்விட்டது. இது 1980களிலிருந்தே தெரிந்த விஷயமாம், எனக்குத்தான் தெரியவில்லை. நைட்ரேட், அயோடைடு உப்புகளும் தலையைக் கழற்றும் என்று அக்கா சொன்னார். அன்றிலிருந்து ஏடிபி சேர்த்த எதையும் பிளாட்டுக்கு எடுப்பதில்லை. சவ்வை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறேன், ஒன்று அளவைக்கு, ஒன்று ஜெல்லுக்கு. மேல்நீரையும் கடைசிவரை கொட்டுவதில்லை.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டை கறுப்பாக இருந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். புரதம் இருக்கிறது, அவ்வளவுதான். வேலை செய்கிறதா என்பதை பாஃபிலோமைசின் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில நானோமோலார் அளவிலேயே அது வி-ஏடிபேஸை நிறுத்திவிடும், மற்றப் பம்புகளை அந்த அளவில் தொடாது. நின்றுபோன வேகம் எவ்வளவோ அதுதான் நம் பம்பின் பங்கு.

நோட்டில் மரத்தின் எண், நிரை, வெட்டிய மணி, முந்தைய இரவு மழை, கடைசியாக மருந்து தடவிய தேதி எல்லாம் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை நான் எழுதாமல் விட்டு, இரண்டு மரத்தின் பிளாட் பட்டை ஏன் இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது என்று ஒரு வாரம் யோசித்தேன். அண்ணனைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒன்றுக்கு மட்டும் தடவியதாகச் சொன்னார். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை கொட்டும், பால் குறையும், அடிக்களியும் ஒரே மாதிரி வராது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் தோட்டத்துக்குப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சாவி கீரையில் கை பழக்கிவிடுகிறோம்.